கொனாடு என்ற பெயரில்

இந்த ஊரில் எப்படிச் செத்தவர்களும் என் வாயில் மட்டும் ஏன் அமைதியாகச் சாகிறார்கள் என்று நினைத்தாள் பிராகோ. அன்றைய வானொலி அறிவிப்புத் தாள்கள் கையில் இருந்தன. மேலே இருந்த தாளில், ‘சிறிது கால உடல்நலக் குறைவுக்குப் பின் இறைவனடி சேர்ந்தார்’ என்று இருந்தது. பதினான்கு வருடமாக இதே வரி. கிடங்கில் பெட்டிகள் சரிந்து நசுங்கியவனுக்கும் இதையே வாசித்தாள், மாடியிலிருந்து தானே விழுந்தவளுக்கும் இதையே வாசித்தாள். குடும்பத்தார் எழுதிக் கொடுப்பார்கள், அவள் வாசிப்பாள். வாசித்தவுடன் அது நடந்ததாகவே ஆகிவிடும். மறுநாள் கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், “உன் குரல்ல தேன் வச்சிருக்கான் கடவுள்” என்பார்கள். சில வியாழக்கிழமைகளில் அந்தத் தேன் தொண்டைக்குள் பழையதாகி, ஈ மொய்ப்பது போல இருக்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது.

மணி மூன்றேகால். வியாழன்தோறும் நான்கு மணிக்கு அறிவிப்பு நேரம். ‘பத்தாம் மாடி’ வானொலி இப்போது எந்த மாடியிலும் இல்லை. டச்சு நகரமொன்றின் பைல்மர் குடியிருப்பில், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில், வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளில் மூன்றாவதில் இருந்தது. இரு பக்கமும் சர்ச்சுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பிரசங்கிகள் ஒரே நேரத்தில் சுவர் வழியாக உள்ளே வருவார்கள். மேலே கார் போகும்போதெல்லாம் கூரையிலிருந்து சுண்ணாம்புப் பொடி உதிர்ந்து ஒலிவாங்கியின் பஞ்சில் படியும். பெயர் மட்டும் பழையது. முதன்முதலில் ஒஃபோரி அண்ணனின் பத்தாம் மாடிச் சமையலறையில், காயும் துணிகளுக்கு நடுவே கம்பியை நட்டு ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அனுமதி கிடையாது. “நம்மளப் பத்தி இவங்க டிவி எப்பப் பேசும்? எவனாவது கத்தியால குத்துனா பேசும். இல்ல, கோடை விழாவுல நம்ம பொண்ணுங்க இடுப்ப ஆட்டுனா காட்டும். நடுவுல நாம உயிரோட இருக்கோம்ல, அத யாரு சொல்றது?” என்று அந்தக் காலத்தில் அவர் கேட்பார். போலீஸ் இரண்டு முறை ஒலிபரப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு முறையும் அவர் தன் கையாலேயே புதிதாக ஒன்றைப் பற்றவைத்துச் செய்தார். இப்போது அனுமதி இருக்கிறது, இணையம் இருக்கிறது, தாய்நாட்டுக் குமாசியிலும் ஹாம்பர்க்கிலும் கேட்கிறார்கள். அறைதான் இல்லாமல் போகப்போகிறது. ஜூன் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும், கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று நகராட்சியின் கடிதம் சுவரில் குத்தப்பட்டிருந்தது.

சூடேற்றியின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வியாழன்தோறும் அஃப்ரியே அதில் வந்து உட்காருவாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அலுவலகங்களைத் துடைத்துவிட்டு, மதியம் ஒரு வீட்டில் இஸ்திரி போட்டுவிட்டு, எண்ணெய் ஊறிய காகிதப் பையில் மாவுருண்டை வாங்கிக்கொண்டு வருவாள். பாதி தின்றபடியே தூங்கிப்போவாள். அறிவிப்பு இசை கேட்டதும் விழித்துக்கொள்வாள். “அக்கா, செத்தவங்க லிஸ்ட் படிக்கிறப்ப உங்க குரல் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிடுது. எனக்கே செத்துப் பாக்கலாம்போல இருக்கு” என்று போன மாதம் சொல்லிச் சிரித்தாள். பிராகோவும் சிரித்தாள். செவ்வாயும் புதனும் கூப்பிட்டபோது அவள் கைபேசி அணைந்து கிடந்தது.

கதவு திறந்தது. முதலில் வாசனைதான் உள்ளே வந்தது. மிளகாயும் இறைச்சியுமாக ஜொலோஃப் சோறு, அதன் மேல் கனத்த அத்தர், அதற்கும் மேல் வேறொன்று, வெள்ளையாகத் தித்திக்கும் ஒன்று. கொனாடு ஆன்ட்டி இடது கையில் தூக்குப் பாத்திரமும் வலது கையில் கண்ணாடித்தாள் சுற்றிய பெரிய பூங்கொத்துமாக நின்றார். லில்லிப் பூக்கள். சொந்த நாட்டுக்கு, தெமா துறைமுகத்துக்குப் பீப்பாய்களும் பெட்டிகளும் அனுப்பும் கடை அவருடையது. சந்தைக்குப் பக்கத்தில் சொந்தக் கட்டடம் வாங்கியிருந்தார். அதன் மாடியை வானொலிக்குத் தருவதாகப் பேச்சு.

“என்ன சின்னக் கொனாடு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?”

பிராகோவின் கழுத்து தானாகத் திரும்பியது. எத்தனை வருடம் ஆனாலும் இது போகவில்லை. குடியேற்றக் காகிதம் இல்லாமல் வந்த முதல் மூன்று வருடம் கொனாடுவின் குடியுரிமை அட்டையில்தான் அவள் வேலை பார்த்தாள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அட்டைக்காரிக்கு. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இப்போதும் செய்கிறார்கள். அட்டையில் இருக்கும் முகத்தையும் எதிரில் நிற்கும் முகத்தையும் ஒரு மேலாளனும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில், நெஞ்சில் ‘கொனாடு’ என்று வில்லை குத்திக்கொண்டு படுக்கை விரித்தாள். முதல் வாரம் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது திரும்பவில்லை, காது கேட்காதவள் என்று திட்டு வாங்கினாள். பிறகு ஒருநாள் கழுத்து கற்றுக்கொண்டது. சொந்தக் காகிதம் வந்த பிறகும், பேருந்தில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பிவிட்டு, வாயில் எச்சில் கசக்க உட்கார்ந்திருப்பாள்.

ஒஃபோரி அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டியவர், முட்டி வலியால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவர். பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்து, “ஆன்ட்டி கைமணமே தனி” என்றார். பூங்கொத்தை ஒரு மைலோ டப்பாவில் தண்ணீர் ஊற்றி மேசை மேல் வைத்தார். அறைக்குப் பூ வந்தது இதுவே முதல் முறை.

“சாவி அடுத்த வாரம் கையில கெடைச்சிரும்” என்றார் கொனாடு, சூடேற்றியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி. “பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டேன். மஞ்சளா, வெள்ளையான்னு நீங்களே சொல்லுங்க. ஜன்னல் இருக்கு ஒஃபோரி, ஜன்னல்! வெயில் வரும். இந்தப் பொந்துக்குள்ள எலி மாதிரி எத்தன நாள் கெடப்பீங்க?” பிறகு கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். “இது இன்னைக்கு வரணும். வந்தவங்க போனவங்க சொல்லுவியே, அந்த இடத்துல.”

பிராகோ வாசித்தாள். ‘பெரெக்கும் ஊரைச் சேர்ந்த அஃப்ரியே, இத்தாலியின் பிரெஷா நகரில் நல்ல வேலை கிடைத்துச் சென்றிருக்கிறார். நலமாக இருக்கிறார். கைபேசி தொலைந்துவிட்டது. யாரும் கவலைப்பட வேண்டாம். ஊரில் இருக்கும் தாய்க்கும் மகளுக்கும் நண்பர்களுக்கும் தன் அன்பைச் சொல்கிறார்.’

“எங்கிட்டச் சொல்லாமயா போனா?” முதலில் வந்தது கோபம்தான். சின்னக் கோபம், ஒரு தோழியின் கோபம். “ஞாயித்துக்கிழம ராத்திரி கூட மெசேஜ் அனுப்புனா. என்ன அவசரம்?”

“வேல வந்துச்சு, போயிட்டா. நீ வாசி.”

ஒஃபோரி அண்ணன் தட்டில் சோற்றை அள்ளி வைத்துக்கொண்டார். பிராகோ தாளை மேசையில் வைக்க இடம் தேடி டப்பாவை நகர்த்தினாள். பூக்களுக்கு நடுவே, குச்சியில் செருகிய சிறிய வெள்ளை அட்டை தெரிந்தது. டச்சு மொழியில் அச்சடித்திருந்தது. அவள் எப்போதும் டச்சை மெதுவாகத்தான் வாசிப்பாள், ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு. ‘திருமதி கொனாடுவின் குடும்பத்தாருக்கு. எங்கள் நிறுவனத்தில் உண்மையாக உழைத்த அவரது திடீர் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.’ கீழே ஒரு துப்புரவு நிறுவனத்தின் பெயர்.

நிமிர்ந்து பார்த்தாள். கொனாடு உயிரோடுதான் இருந்தார். நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டு, சூடேற்றியின் பக்கம் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். பிராகோ அட்டையைக் குச்சியிலிருந்து உருவி அவர் பக்கம் நீட்டினாள்.

“யாரு செத்தது, ஆன்ட்டி?”

கொனாடு அட்டையைப் பார்த்தார். “அட, அத எடுக்கலையா நான்” என்றார், உடுப்பில் ஒட்டிய நூலைச் சொல்வது போல. பிறகு சிரித்தார். “நான்தான் செத்துட்டேனாம். வீட்டு வாசல்ல ஒருத்தன் பூவோட நிக்கிறான். குடும்பத்துல யாராவது இருக்காங்களாங்கிறான். நானே கையெழுத்துப் போட்டு வாங்குனேன். பூ நல்ல பூ, தூக்கிப் போட மனசு வரல.” சிரிப்பு பாதியில் நின்றது. “என் அட்டையிலதான் அஃப்ரியே வேல பாத்தா. திங்கக்கிழம விடியக்காலம். ஆறாவது மாடியில, மெஷின் ஓடிட்டே இருந்திருக்கு. இதயமாம். காவக்காரன் வந்து பாக்க ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு.”

“இப்ப எங்க இருக்கா?”

“ஆஸ்பத்திரியில. ஐஸ் பெட்டியில.” குரல் தணிந்தது. “என் பேர்ல.”

ஒஃபோரி அண்ணனின் கரண்டி தட்டில் பட்ட சத்தம் கேட்டது. அவர் அதிர்ந்து போகவில்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்தச் சத்தத்திலேயே பிராகோவுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் டப்பாவில் தண்ணீர் ஊற்றினார்.

“நாளைக்குப் போயி எழுதிக் குடுத்துடுவேன்” என்றார் கொனாடு. “அட்ட போன வருஷமே தொலஞ்சிருச்சு, யாரு எடுத்தாங்கன்னு தெரியாது, அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு. வக்கீலு சொல்லிட்டாரு, அவ்வளவுதான் விஷயம்.”

“அப்புறம் அவள?”

“யாருமில்லாதவங்களுக்கு நகராட்சி ஒரு இடம் வச்சிருக்கு. நம்பர் போட்டு, சுத்தமாத்தான் செய்றாங்க. வெள்ளக்காரன் இந்த மாதிரி வேலையெல்லாம் நல்லாச் செய்வான்.”

சுத்தமாக. பிராகோ அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்தி நிற்க ஒருவரும் இல்லாமல், பெட்டியின் முன்னால் அழுது விழ ஒரு தாய் இல்லாமல், முதல் துக்கக்காரர் என்று வாசிக்க ஒரு பெயரும் இல்லாமல். பெரெக்குமில் அஃப்ரியேயின் தாய்க் கிழவி இன்று நான்கு மணிக்குக் கைபேசியைத் தகர டம்ளருக்குள் நிறுத்திவைத்துச் சத்தம் கூட்டிக் கேட்பாள். பேத்தி பக்கத்தில் இருப்பாள், பன்னிரண்டு வயது. ‘அம்மா இத்தாலிக்குப் போயிட்டா’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவாள். அடுத்த வாரம் கூப்பிடுவாள் என்று காத்திருப்பாள், பிறகு அடுத்த வருடம். கடைசியில் அம்மா நம்மை மறந்துவிட்டாள் என்று முடிவு செய்து வெறுக்கத் தொடங்குவாள். செத்தவளை வெறுப்பதற்கு ஒரு பிள்ளையைப் பழக்கும் வரி அது. அதற்குத்தான் தேன் தேவைப்பட்டது.

“உண்மையச் சொல்லிப் பாரு, என்ன ஆகும்னு” என்றார் கொனாடு. இப்போது குரலில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. “ஒவ்வொரு கம்பெனியிலயும் அட்டையையும் மூஞ்சியையும் ஒட்டி வச்சுப் பாப்பான். எத்தன பேரு வேல போகும்? எத்தன பேர விமானத்துல ஏத்துவான்? அத்தன பேரும் உன் ரேடியோ கேக்குறவளுங்கதான். என்ன மட்டும் திருடின்னு நெனைக்காத. நான் அட்ட குடுக்கலைன்னா நீ எங்க இருந்திருப்ப? யாரு உன்ன வேலைக்கு வச்சிருப்பான்?”

அதில் பாதி உண்மை என்பதுதான் பிராகோவைக் கட்டிப்போட்டது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் கதவைத் திறந்து வெளியே போகச் சொல்லியிருக்கலாம். லில்லியின் வாசனை சோற்று வாசனையோடு கலந்து மூக்கின் பின்புறம் ஒட்டிக்கொண்டது. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஹோட்டல் நடைபாதையில் அவளுக்கும் நெஞ்சு அடைத்தது, சுவரைப் பிடித்து உட்கார்ந்து எழுந்துவிட்டாள். எழாமல் போயிருந்தால் இதே பூ இதே வாசலுக்கு வந்திருக்கும். சொந்த ஊர் மாம்பொங்கில் தன் தாய் வேறு ஏதோ ஒரு இனிமையான குரலைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஒரே பெயருக்குள் இரண்டு பெண்கள் இருந்திருக்கிறோம், ஒருத்தி இன்னும் அதற்குள்ளேயே கிடக்கிறாள் என்று நினைத்தாள்.

“ஒரு வரி, பிராகோ” என்றார் ஒஃபோரி அண்ணன். அவர் அவளைப் பார்க்கவில்லை, எலும்பைப் பார்த்தார். “எத்தன வாசிச்சிருக்கோம்.”

“ஆமா அண்ணே. வாசிச்சிருக்கோம்.”

“அவ செத்தது செத்ததுதான். திரும்பி வரப்போறதில்ல. ரேடியோ இருக்கணுமா, வேண்டாமா?”

“எதுக்கு இருக்கணும்?”

அவர் வாயில் எலும்பு இருந்தது. அதை உறிஞ்சினார், ஊனைத் தேடினார், தட்டில் துப்பினார். அவர் விரல்கள் எண்ணெயில் பளபளத்தன. முதல் ஒலிபரப்புப் பெட்டியைப் பற்றவைத்தபோது சுட்டுக்கொண்ட தழும்பு கட்டைவிரலில் இன்னும் இருந்தது. அதை அவர் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டுவார். இந்த மனிதரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் சொன்ன ‘வாசிச்சிருக்கோம்’ அவளுடையதும்தான். வாய் அவளுடையது. கிடங்கில் நசுங்கியவனின் மனைவி அன்று வாசலில் வந்து நின்று, “உடம்பு சரியில்லாமதான் செத்தாருன்னு சொன்னீங்களே, இன்சூரன்ஸ்காரன் அதையே சொல்றான்” என்று கேட்டபோது, ‘அவர் வீட்டார் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசித்தோம்’ என்று சொல்லி அனுப்பியவள் அவளேதான்.

மணி நான்காகப் போனது. ஒஃபோரி அண்ணன் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் போய் உட்கார்ந்தார். கொனாடு எழவில்லை. “நான் இங்கயே இருக்கேன். மூச்சுக் கூட விடமாட்டேன்” என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலில் பெட்டிகள். தெமாவுக்குப் போன கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டது, பெயர் உள்ளவர்கள் ஆளனுப்பவும். பிறகு ஒரு பிறப்பு, சனிக்கிழமை பெயர் சூட்டு. பிறகு புல்லாங்குழல். அந்த மெட்டு ஒலித்ததும் பைல்மர் முழுக்கச் சமையலறைகளில் பெண்கள் குழாயை மூடுவார்கள். குவாதாசோவைச் சேர்ந்த எண்பத்திரண்டு வயதுப் பெரியவர். பிராகோ பிள்ளைகளின் பெயர்களையும் மருமகன்களின் பெயர்களையும் வரிசை பிசகாமல் வாசித்தாள். ‘சிறிது கால’ என்ற இடத்தில் குரல் தானாகவே இனித்தது. அவளுக்கு அது கேட்டது. பக்கத்து அறையில் இன்னொருத்தி பேசுவது போலக் கேட்டது.

வந்தவர்கள், போனவர்கள். ஒஃபோரி அண்ணன் அதற்கான மெட்டைப் போட்டார். கிடாரும் எக்காளமுமாக, கல்யாண வீட்டுக்கு அழைப்பது போன்ற துள்ளல் மெட்டு. இருபது வினாடி. அது முடியும்போது அவள் பேச வேண்டும். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவர் ஐந்து விரலைக் காட்டினார், பிறகு நான்கை.

பிராகோ அந்தத் தாளை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். மடித்த இடத்தை நகத்தால் ஒருமுறை தேய்த்தாள். பிறகு, ஒலிவாங்கியிலிருந்து முகத்தை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டினாள், சூடேற்றியின் பக்கத்தில் இருந்த கொனாடுவை நோக்கி. தாள் விரலிடுக்கில் நின்றது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மெட்டு முடிந்தது.

அமைதி வெளியே போய்க்கொண்டிருந்தது. குமாசிக்கும் ஹாம்பர்க்குக்கும் பெரெக்குமுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஒஃபோரி அண்ணன் இரண்டு கைகளையும் விரித்து என்ன என்று கேட்டார். சுவருக்கு அப்பால் ஏதோ ஒரு சர்ச்சில் வியாழக்கிழமைப் பெண்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல் மெல்லிசாக ஒலிவாங்கிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கார் போனது. லில்லியின் வெள்ளை இதழ்கள் மேல் சுண்ணாம்புப் பொடி விழுந்தது.

“சின்னக் கொனாடு” என்றது பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு. கொஞ்சுவது போல, கெஞ்சுவது போல. “சின்னக் கொனாடு.”

கழுத்து நரம்பு ஒருமுறை துடித்தது. அவ்வளவுதான். அவள் திரும்பவில்லை. பின்னால் நீட்டிய கை அப்படியே இருந்தது, தாளோடு.